ஏஜென்ட் உங்கள் விக்கியைப் படிப்பதில்லை

கேள்வி: "சிறிய கேம் ஸ்டூடியோ ஒன்றில் டூல்ஸ் புரோகிராமராக இருக்கிறேன். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் வேலை. சீன் உருவாக்குவது, பிரிஃபேப் (முன்கூட்டியே செய்து வைத்த ஆப்ஜெக்ட்) வைப்பது, அசெட் (படம், மாடல், ஒலி போன்ற ஃபைல்) இம்போர்ட், டெஸ்ட், பில்ட் என்று எடிட்டரை இயக்கும் 40 டூல்களை எழுதி, எம்சிபி (ஏஐயை டூல்களோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக ஏஐ ஏஜென்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட்டோடு எங்கள் குழுவின் விக்கிப் பக்கங்களில் விளக்கம் இருக்கிறது. இருந்தும் ஏஜென்ட், பொருள்களின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, அவற்றைப் பயன்படுத்தும் மெட்டீரியல்களில் பாதியை உடைத்துவிட்டது. எதிரிகளைத் தரைக்குள் இடுப்பளவு புதைத்து வைத்தது. ஓடவே ஓடாத டெஸ்ட்டை 'எல்லாம் பாஸ்' என்று சொன்னது. ஏஜென்ட்டுக்கென்று தனியாக ஆவணம் எழுத வேண்டுமா? அதை ஏஐயிடமே எழுதச் சொல்லலாமா? லீட் ஒரு வாரம்தான் தந்திருக்கிறார்."

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன மூன்று சம்பவங்களும் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகப் பழகியவை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் எழுதி வைக்காத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த ஒருவர் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்பார். "இந்த ஃபோல்டரை நகர்த்தலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே விபத்து தவிர்ந்துவிடும். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அதனால் டூலை அழைக்கும் முன் எடிட்டர் எந்த நிலையில் இருக்க வேண்டும், அழைத்த பின் எந்த நிலைக்கு வரும், வேலை உண்மையில் நடந்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, இந்த மூன்றையும் நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் ஏஜென்ட்டின் கண்ணில் படுவது என்ன என்று பார்ப்போம். எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை. அதன்படி உங்கள் சர்வர் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விவரிப்பு, உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன, எந்த வடிவில் என்ற பட்டியல்) ஆகியவற்றை அனுப்புகிறது. எந்த டூலை எப்போது அழைப்பது என்பதை மாடல் முக்கியமாக இவற்றை வைத்தே முடிவு செய்கிறது. நீங்கள் சிரத்தையோடு எழுதிய விக்கி அந்த நேரத்தில் அதன் பார்வையிலேயே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியதும் அதற்குப் போய்ச் சேரவில்லை. ஆக, நீங்கள் ஆவணம் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏஜென்ட் பார்க்கும் இடத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். விவரிப்பு என்ற அந்த ஒரு புலத்தைப் பலரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி செலவாக வேண்டும்.

ஃபோல்டர் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். யூனிட்டியில் ஒவ்வொரு அசெட்டுக்கும் பக்கத்தில் ஒரு மெட்டா ஃபைல் உண்டு, அதற்குள் ஜியூஐடி என்ற தனி அடையாள எண் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மெட்டீரியல் தன் டெக்ஸ்சரை ஃபைல் பெயரை வைத்துத் தேடுவதில்லை, அந்த ஜியூஐடியை வைத்துத்தான் தேடுகிறது. மெட்டா ஃபைலை விட்டுவிட்டு டெக்ஸ்சரை மட்டும் நகர்த்தினால், யூனிட்டி அதைப் புது அசெட் என்று எடுத்துக்கொண்டு புது ஜியூஐடி கொடுத்துவிடும். பழைய எண்ணை நம்பியிருந்த மெட்டீரியல்கள் எல்லாம் அநாதையாகிவிடும். ஏஜென்ட்டிடம் ஷெல், அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் வழி, இருக்கிறது. ஃபைல் நகர்த்த எம்வி கட்டளை என்பது அது பயிற்சியில் எண்ணற்ற முறை பார்த்த வழி. உங்கள் டூலின் விவரிப்போ இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்: "அசெட்டை நகர்த்தும். பழைய பாதை, புதிய பாதை கொடுக்கவும்." இதைப் படித்தால் எம்வி செய்வதையேதான் இதுவும் செய்கிறது என்று தோன்றுகிறது. அப்படியிருக்க, பழகிய வழியை விட்டு இதற்கு ஏன் வர வேண்டும்?

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"அசெட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலையோ ஃபோல்டரையோ எடிட்டர் வழியாக நகர்த்தும். மெட்டா ஃபைலும் கூடவே போவதால் மெட்டீரியல், பிரிஃபேப், சீன் இணைப்புகள் உடையாது. பெயர் மாற்றவும் இதையே பயன்படுத்தவும். பாதை 'அசெட்ஸ்/' என்று தொடங்க வேண்டும். சேரும் ஃபோல்டர் முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கிரியேட்_ஃபோல்டரை அழைக்கவும். பிளே மோடில் இருக்கும்போது மறுக்கும். வெற்றியானால் புதிய பாதையையும், மாறாத ஜியூஐடியையும் திருப்பித் தரும். இந்த வேலைக்கு ஷெல்லில் எம்வி பயன்படுத்தினால் இணைப்புகள் உடையும்."

நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறான ஊகத்தைத் தடுக்கிறது. கடைசி வாக்கியத்தில் காரணமும் சேர்ந்தே வருகிறது, கவனித்தீர்களா? வெறுமனே "எம்வி பயன்படுத்தாதே" என்று எழுதினால், அடுத்த முறை ஏஜென்ட் ஒரு பைதான் ஸ்கிரிப்ட் எழுதி நகர்த்திவிடும். காரணம் தெரிந்தால் அதே தவறை வேறு வழியில் செய்யும் வாய்ப்பு குறைகிறது. மற்ற எஞ்சின்களிலும் இதே பள்ளம் வேறு உருவில் இருக்கிறது. அன்ரியலில் எடிட்டருக்குள் அசெட்டை நகர்த்தினால் பழைய இடத்தில், புது இடத்தைக் காட்டும் ஒரு ரீடைரக்டர் தங்கலாம். கோடோ 4.4 முதல் ஸ்கிரிப்ட் ஃபைல்களுக்குப் பக்கத்தில் யூஐடி (அடையாள எண்) ஃபைல்கள் வருகின்றன. எந்த எஞ்சினாக இருந்தாலும், "இந்த ஃபைலோடு வேறு எது சேர்ந்து போக வேண்டும்" என்ற கேள்விக்கு உங்கள் ஆவணத்தில் பதில் இருக்க வேண்டும்.

அடுத்து, புதைந்த எதிரிகள். இங்கே மாடலை மட்டும் குறை சொல்ல முடியாது. அது படித்திருப்பது எல்லா எஞ்சின்களையும். யூனிட்டியில் ஒரு யூனிட் என்றால் வழக்கமாக ஒரு மீட்டர், ஒய் அச்சு மேலே. அன்ரியலில் ஒரு யூனிட் ஒரு சென்டிமீட்டர், இசட் அச்சு மேலே. கோடோவின் 3டியில் ஒய் மேலே. அதே கோடோவின் 2டியில் ஒய் கீழ்நோக்கிக் கூடும், அளவு பிக்சலில். கோணமும் அப்படியே. கோடோவில் ரொட்டேஷன் என்ற பண்பு ரேடியனில் இருக்கிறது, யூனிட்டியின் ஆய்லர் கோணங்கள் டிகிரியில். அன்ரியலுக்குள்ளேயே சி பிளஸ் பிளஸ்ஸில் சுழற்சியைக் குறிக்கும் ரொட்டேட்டரை எழுதும்போது பிட்ச், யா, ரோல் என்ற வரிசை. பைதானில் எழுதினால் ரோல், பிட்ச், யா. இத்தனையையும் படித்த ஒன்றிடம் "பொசிஷன்: மூன்று எண்கள்" என்று மட்டும் சொன்னால் அது எதை எடுத்துக்கொள்ளும்?

ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு, எந்த அச்சு மேலே, உலக ஆயத்தொலைவா அல்லது பெற்றோர் ஆப்ஜெக்ட்டைப் பொறுத்ததா என்பதை எழுதிவிடுங்கள். முடிந்தால் பாராமீட்டரின் பெயரிலேயே அலகைச் சேருங்கள். 'ஹைட்' என்பதைவிட 'ஹைட்_மீட்டர்ஸ்' பல வரி விளக்கத்தை மிச்சப்படுத்தும். உங்கள் எதிரிகள் இடுப்பளவு புதைந்தார்கள் என்கிறீர்கள். அந்தத் துல்லியத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் அலகின் மேல் இல்லை, பிவட்டின் மேல்தான், அதாவது பொருளின் இடத்தைக் குறிக்கும் புள்ளியின் மேல். எதிரியின் 3டி மாடலில் பிவட் உடலின் நடுவில் இருந்து, ஏஜென்ட் அதைத் தரையின் உயரத்தில் வைத்தால் பாதி உடல் கீழே போகும். பிரிஃபேப் பட்டியலைத் தரும் டூல் ஒன்று வைத்திருப்பீர்கள் இல்லையா? அதன் பதிலில் ஒவ்வொரு பிரிஃபேப்புக்கும் பிவட் காலடியில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா, மொத்த உயரம் எவ்வளவு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அதைவிட நல்லது, பிளேஸ்_பிரிஃபேப்பில் 'தரையில் பொருத்து' என்று ஒரு தேர்வு வைப்பது. ஒரு விஷயத்தை விளக்க மூன்று பத்தி தேவைப்படுகிறது என்றால் டூலை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல ஆவணம் எழுத உட்கார்ந்தால் டூலின் வடிவமே திருந்தத் தொடங்கும். அதை லீடிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது சம்பவம்தான் மூன்றிலும் ஆபத்தானது. உடைந்த மெட்டீரியல் கண்ணுக்குத் தெரியும். ஓடாத டெஸ்ட் தெரியாது. உங்கள் டூலுக்குள் யூனிட்டியை பேட்ச்மோடில் (திரை இல்லாமல் கட்டளையால் ஓட்டும் முறையில்) அழைக்கும் கட்டளை இருக்கும். அதில் ரன்டெஸ்ட்ஸ் என்ற ஆர்கியூமென்ட்டோடு குவிட் என்பதும் சேர்ந்து இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மற்ற பேட்ச்மோட் வேலைகளுக்குக் குவிட் சேர்ப்பது பழக்கம். டெஸ்ட்டோடு அதைச் சேர்த்தால் டெஸ்ட் முடியும் முன்பே எடிட்டர் மூடிக்கொள்ளும். அப்போது லாகில் தோல்வி எதுவும் இருக்காது. தோல்வி இல்லை என்றால் வெற்றி என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு மருந்து, வெற்றி என்றால் எப்படி இருக்கும் என்று எழுதுவது. நான் பார்க்கும் டூல் ஆவணங்களில் மிக அதிகமாக விடுபட்டிருப்பது இதுதான். "டெஸ்ட்டை ஓட்டும்" என்பது போதாது. "ரிசல்ட் ஃபைல் இந்த ஓட்டத்தில் புதிதாக உருவாகியிருக்க வேண்டும். ஓடியவை, பாஸ், ஃபெயில், ஸ்கிப் என்ற நான்கு எண்களையும் திருப்பித் தரும். ஓடியவை 0 என்றால் அது தோல்வி. பாஸ் என்று சொல்ல வேண்டாம்." இதை விவரிப்பில் எழுதுவதோடு நிற்காமல் டூலையும் அப்படியே நடந்துகொள்ள வையுங்கள். பில்ட் டூலுக்கும் இதே விதிதான்: எக்சிகியூட்டபிள் எங்கே உருவாகும், அதன் நேரமுத்திரை எதைவிடப் புதிதாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். "பில்ட் முடிந்தது" என்ற வாசகத்தை எந்த ஏஜென்ட்டும் எந்த நேரத்திலும் எழுதிவிடும். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை அப்படி எழுதி வரவழைக்க முடியாது.

எடிட்டரின் நிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேம் எஞ்சினில் வேலை செய்யும் ஏஜென்ட் மற்ற மென்பொருளில் வேலை செய்வதிலிருந்து வேறுபடுவது இங்கேதான். ஒரு வெப் புராஜெக்ட்டில் ஃபைலை மாற்றினால் ஃபைல் மாறியிருக்கும், கதை முடிந்தது. யூனிட்டியில் ஸ்கிரிப்ட் ஃபைலை மாற்றினால் எடிட்டர் அதைக் கம்பைல் செய்து, பிறகு டொமைன் ரீலோட் செய்கிறது, அதாவது ஸ்கிரிப்ட் கோடைப் புதிதாக ஏற்றுகிறது. ஸ்டாட்டிக் வேரியபிள்கள் அழிந்துபோகும். எடிட்டருக்குள்ளேயே ஓடும் உங்கள் சர்வராக இருந்தால் இணைப்பே அறுந்துபோகலாம். ஏஜென்ட் புது காம்பொனென்ட் ஒன்றை எழுதிய கையோடு அதை ஆப்ஜெக்ட்டில் சேர்க்கப் பார்க்கும். "அப்படி ஒரு டைப் இல்லை" என்று பதில் வரும். உடனே அது என்ன செய்யும் தெரியுமா? தான் எழுதியது தவறு என்று நினைத்து, சரியாக இருந்த ஸ்கிரிப்ட்டைத் திருத்தத் தொடங்கும். அது மறுபடி கம்பைலைக் கிளப்பும். இந்தச் சுழலில் டோக்கன்கள் (ஏஐ பயன்பாட்டை அளக்கும் அலகு) கரைவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஸ்கிரிப்ட் எழுதிய பின் வெயிட்_ஃபார்_கம்பைலை அழைக்கவும், அது 'ரெடி' என்று தரும்வரை வேறு எதையும் அழைக்க வேண்டாம், இடையில் இணைப்பு அறுந்தால் அது இயல்பு, மீண்டும் இணையவும்" என்று மூன்று வாக்கியம் இருந்தால் இந்தக் கூத்து பெரும்பாலும் நின்றுவிடும்.

எடிட்டருக்குள்ளேயே கேமை ஓட்டிப் பார்க்கும் பிளே மோடும் அப்படித்தான், ஆனால் இரண்டு பக்கமும் கடிக்கும். பிளே மோடில் சீன் ஆப்ஜெக்ட்டின் மதிப்பை மாற்றினால் வெளியே வந்ததும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும். தரவு வைக்கும் அசெட்டான ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட்டையோ மெட்டீரியல் அசெட்டையோ நேரடியாக மாற்றினால் அது தங்கிவிடும். முதல் வகையில் ஏஜென்ட் "குதிக்கும் உயரத்தைச் சரிசெய்தேன்" என்று சொல்லும், எதுவும் மாறியிருக்காது. இரண்டாவது வகையில் சோதனைக்காகச் செய்த மாற்றம் யாருக்கும் தெரியாமல் கமிட்டுக்குள் (பதிவாகும் கோட் மாற்றத்துக்குள்) போய்விடும். ஒவ்வொரு டூலும் எந்த மோடில் வேலை செய்யும், மாற்றம் தங்குமா தங்காதா, அன்டூ உண்டா என்பதை விவரிப்பின் முதல் சில வரிகளுக்குள் கொண்டுவாருங்கள்.

சரி, இவ்வளவும் எழுதினாலும் ஏஜென்ட் சில நேரம் தவறும். அந்த நேரத்தில் அது கட்டாயம் படிக்கும் ஆவணம் ஒன்று இருக்கிறது: எரர் மெசேஜ். என் கணிப்பில் ஆவண வேலையில் பாதியை இங்கே செய்யலாம். உங்கள் டூல் இப்போது நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன் என்ற எரரையும் ஸ்டாக் டிரேஸையும் (எரர் எந்தக் கோட் வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) அப்படியே அனுப்பினால், ஏஜென்ட் உங்கள் டூலின் சோர்ஸைத் தோண்டப் போய்விடும். அதற்குப் பதிலாக, "'எனிமி_ஸ்பானர்' என்ற ஆப்ஜெக்ட் திறந்திருக்கும் 'லெவல்_02' சீனில் இல்லை. ஒத்த பெயர்கள்: 'எனிமிஸ்பானர்_ஏ', 'எனிமிஸ்பானர்_பி'. வேறு சீனில் இருந்தால் முதலில் ஓப்பன்_சீனை அழைக்கவும். எதுவும் மாற்றப்படவில்லை" என்று அனுப்புங்கள். எது நடக்கவில்லை, ஏன், அடுத்து என்ன செய்யலாம், இப்போது நிலை என்ன. "எதுவும் மாற்றப்படவில்லை" என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். பாதி நடந்து நின்றதா, முழுதும் நின்றதா என்று தெரியாத ஏஜென்ட் அதே வேலையை மறுபடி செய்து எதிரிகளை இரட்டிப்பாக்கிவிடும். நீங்கள் இந்த மெசேஜ்களை எழுதினால் உங்கள் லெவல் டிசைனர்களும் நன்றி சொல்வார்கள். இதுவரை அவர்களும் அந்த ஸ்டாக் டிரேஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி உங்கள் கேள்வி: தனி ஆவணம் வேண்டுமா? இரண்டு ஆவணங்களைத் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டாம். சில மாதங்களில் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். மூலம் ஒன்றாக இருக்கட்டும், அது டூலின் கோடுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். விவரிப்பு, ஸ்கீமா, எரர் வகைகள் எல்லாம் அங்கிருந்து வரட்டும். விக்கியில் டூல் பட்டியல் பக்கத்தை அதிலிருந்தே ஸ்கிரிப்ட் வைத்து உருவாக்கிக்கொள்ளலாம். விக்கியில் மனிதர்களுக்காகக் கையால் எழுத வேண்டியது, ஏன் இப்படி வடிவமைத்தோம் என்ற கதையும், படங்களும்தான்.

இதற்கு மேல் ரெப்போவின் (புராஜெக்ட்டின் கோட் களஞ்சியத்தின்) வேரில் ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைல் ஒன்று வேண்டும். பல கோடிங் ஏஜென்ட்கள் வேலை தொடங்கும்போதே அதைப் படித்துவிடும். எல்லா வேலைக்கும் அது கான்டெக்ஸ்ட்டில் (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் உரையில்) இடம் பிடிக்கும் என்பதால் சுருக்கமாக வையுங்கள். எஞ்சின் எது, எந்தப் பதிப்பு என்பது முதல் வரி. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கோடோ பயன்படுத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள். 3இல் இருந்து 4க்கு வரும்போது கினமேட்டிக்பாடி2டி என்பது கேரக்டர்பாடி2டி ஆனது, யீல்ட் போய் அவெய்ட் வந்தது. பதிப்பைச் சொல்லாவிட்டால் மாடல் இரண்டையும் கலந்து எழுதும். அப்புறம், ஒரு டூலுக்கு மட்டும் சொந்தமில்லாத தடைகள்: மெட்டா ஃபைல்களைக் கையால் தொடக் கூடாது, லைப்ரரி ஃபோல்டருக்குள் எதையும் எழுதக் கூடாது, சீன் ஃபைலின் யாமல் உரையை நேரடியாகத் திருத்தக் கூடாது. விரிவான விஷயங்களைத் தனித்தனி ஃபைலில் வைத்து, "லைட்டிங் வேலை என்றால் முதலில் இதைப் படிக்கவும்" என்று வழி மட்டும் காட்டுங்கள்.

ஏஐயிடம் எழுதச் சொல்லலாமா? முதல் வரைவுக்குத் தாராளமாகச் சொல்லலாம். கோடைப் படித்து எந்த பாராமீட்டர் கட்டாயம், எது விருப்பம், எங்கே எக்செப்ஷன் எழும் என்று உங்களைவிட வேகமாக எழுதித் தந்துவிடும். ஆனால் கோடில் இல்லாததை அது எழுத முடியாது. "லைட் பேக்கை (ஒளியை முன்கூட்டியே கணக்கிடும் வேலை) மதியம் ஓட்டாதே, பில்ட் மெஷின் திணறும்" என்பதோ, "பாஸ் (பெரிய எதிரி) வரும் லெவலின் நேவ்மெஷ் (எதிரிகள் நடக்கக்கூடிய இடங்களின் வரைபடம்) கையால் திருத்தியது, மறுபடி பேக் செய்தால் போய்விடும்" என்பதோ உங்கள் குழுவின் மூத்தவர்கள் தலையில்தான் இருக்கிறது. அவர்களோடு உட்காருங்கள். "புதிதாக வந்தவர்கள் எதைச் செய்யும்போது நீங்கள் பதறிப்போய்த் தடுத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளை வேறு எங்கிருந்தும் பெற முடியாது, அந்த மனிதர் வேலையை விட்டுப் போனால் அவையும் கூடவே போய்விடும். ஏஜென்ட் என்ற காரணத்துக்காகவாவது இவை எழுதப்படுகின்றன என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஏஐயை எழுத வைப்பதைவிடச் சோதிக்க வைப்பது அதிகப் பயன் தரும். முன் உரையாடல் எதுவும் இல்லாத புது ஏஜென்ட்டைத் திறந்து, கோடின் ஒரு தனி கிளையில் (பிரான்ச்) நிஜமான வேலை ஒன்றைக் கொடுங்கள். "முதல் லெவலில் மூன்று எதிரிகளைப் பாலத்துக்கு அருகில் வை, டெஸ்ட் ஓட்டு" போல. வாயைத் திறக்காமல் பாருங்கள். எந்த டூலை முதலில் எடுக்கிறது, எங்கே தயங்குகிறது, எதை ஷெல்லில் செய்யப் போகிறது? அது தவறிய ஒவ்வொரு இடமும் ஆவணத்தில் ஓட்டை இருக்கும் இடம். 40 டூல்கள் என்றால் பெயர்க் குழப்பமும் நிச்சயம் தெரியவரும். 'கிரியேட்_ஆப்ஜெக்ட்', 'ஸ்பான்_ஆப்ஜெக்ட்', 'பிளேஸ்_பிரிஃபேப்' என்று மூன்று இருந்தால் இரண்டைத் தூக்கிவிடுங்கள், அல்லது எது எப்போது கூடாது என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். இந்தச் சோதனை வேலைகளைச் சேர்த்து வையுங்கள். விவரிப்பை மாற்றும்போதும் மாடலை மாற்றும்போதும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எம்சிபியில் ஒரு டூல் படிக்க மட்டும்தானா, அழிக்கக்கூடியதா என்று குறிக்க வழி இருக்கிறது. கண்டிப்பாகக் குறியுங்கள். ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு அல்ல. ஏஜென்ட் ஒருபோதும் செய்யக் கூடாத வேலை எதுவோ, அதற்கு அனுமதியே கொடுக்காதீர்கள். அழிக்கும் டூல்களுக்கு 'டிரை ரன்' வையுங்கள், என்னென்ன போகும் என்று முதலில் பட்டியல் தரட்டும். வேலை தொடங்கும் முன் ஜிட் (கோட் மாற்றங்களைப் பதியும் கருவி) பதியாத மாற்றம் எதுவும் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று டூலே பார்க்கட்டும்.

ஒரு வாரத்தில் 40 டூல்களையும் முடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். எழுதும், நகர்த்தும், அழிக்கும் டூல்களைப் பிரித்தெடுங்கள். முதல் இரண்டு நாள் அவற்றின் விவரிப்புக்கும் எரர் மெசேஜுக்கும். டெஸ்ட், பில்ட் இரண்டின் வெற்றி நிபந்தனைக்கு ஒரு நாள். ஏஜென்ட்ஸ்.எம்டிக்கு அரை நாள் போதும். மீதி நேரம் முழுவதும் மூத்தவர்களோடு பேசவும், புது ஏஜென்ட்டை ஓட்டிப் பார்க்கவும். படிக்க மட்டும் செய்யும் டூல்கள் அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம். லீடிடம் ஒரே ஒரு விதிக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்: டூலின் கோடை மாற்றும் எந்த கமிட்டும், அதன் விவரிப்பையும் சேர்த்து மாற்றாவிட்டால், ரிவியூவில் திரும்பிப் போக வேண்டும்.